நிற்கிற கால்

இஸ்திரிக் கூடத்தில் கால் வலிக்காதவள் ஒருத்தி இருந்தால் அவள் நேற்று வேலைக்குச் சேர்ந்தவளாக இருப்பாள். நாளைக்கு அவளுக்கும் வலிக்கும். காலை ஏழு மணிக்கு நின்றால் சாயங்காலம் நாலு வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி, டீக்குப் பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு தடவை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற போர்வை, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாம் கீழ்த்தளத்தில் துவைத்து முறுக்கி மேலே ஏறி வரும். மேலே பதினாறு ஸ்டீம் பிரஸ்கள் வரிசையாக நிற்கும். துணியை விரித்து வலது காலால் பெடலை மிதித்தால் மேல்பலகை புஸ்ஸென்று இறங்கும், காலை எடுத்தால் ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை மிதி என்று ஒருத்தி எண்ணப் பார்த்தாள். ஆயிரத்தில் விட்டுவிட்டாள். அப்போது சாப்பாட்டு மணிகூட அடிக்கவில்லை.

ஆகவே அங்கே கால்வலி என்பது பேச்சே இல்லை. மிதிக்கிற காலுக்குக் கெண்டைச்சதை வலிக்கும், நிற்கிற காலுக்குக் குதிகால் வலிக்கும். வீட்டுக்குப் போய் வெந்நீரில் முக்கிய துண்டை இறுகக் கட்டிக்கொண்டு யாரையாவது அமுக்கிவிடச் சொன்னால் மறுநாளைக்குக் கால் திரும்பக் கிடைக்கும். கூடத்தில் எல்லாரும் செய்கிற வைத்தியம் அது. டாக்டரிடம் போய்க் கால் வலிக்கிறது என்று சொன்னால் டாக்டரே சிரிப்பார்.

நோட்டுக்காரிக்கு இதெல்லாம் அத்துப்படி. நோட்டுக்காரி ஆவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அதே கூடத்தில் ஐந்தாம் பிரஸ்ஸில் நின்றவள் அவள். முழங்கால் தேய்ந்து, இனிமேல் நின்றால் படுத்துவிடுவாய் என்று டாக்டர் கையை விரித்த சமயத்தில்தான் ஆய்வு டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கு என்னென்ன தொந்தரவு வருகிறது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. "மாத்திரை பிள்ளை உண்டாகாம தடுக்குதான்னு நல்லாவே பார்த்தாச்சு. அதைச் சாப்பிடறவ தினம் எப்படி இருக்கான்னு கேட்டது பத்தாது" என்று டாக்டரம்மா சொன்னாள். பெண்களோடு பழகிய ஒருத்தி வேண்டும், உட்கார்ந்து எழுதுகிற வேலை என்றாள். நோட்டுக்காரிக்குச் சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் கீழ்த்தளத்தையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டு நோட்டு. தினம் ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதினாலு கேள்வி. அவரவர் வீட்டில் வைத்து அன்றன்றைக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டுப் போய், சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைத்து, அதற்கு மேல் நோட்டா? யாரும் எழுதவில்லை. ஆகவே சனிக்கிழமை டீ நேரத்தில் நோட்டுக்காரியே வந்து, ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு வாரத்தையும் பத்தே நிமிஷத்தில் முடிப்பாள். கேள்வியைச் சத்தமாகப் படிப்பாள், அவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே கத்துவார்கள்.

"ஒன்பதாவது. காலில் புதிதாக வலியோ வீக்கமோ உண்டா?"

"புதுசா இல்லம்மா. பழசு இருக்கு, ரெண்டு கிலோ தரட்டுமா?" இது பன்னிரண்டாம் பிரஸ்காரி. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் சங்கு ஊதும்வரை மூடமாட்டாள். கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"எனக்கு வேணாம்டி. என்கிட்டயே ரெண்டு மூட்டை கிடக்கு" என்பாள் நோட்டுக்காரி.

எல்லாரும் சிரிப்பார்கள். நோட்டுக்காரி முப்பத்தெட்டு நோட்டிலும் 'இல்லை' என்று எழுதுவாள். நாலு வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரமமும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளைப் பரப்பி, ஒன்பதாவது கேள்விக்கு எல்லாவற்றிலும் முன்கூட்டியே 'இல்லை' போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். கேட்டாலும் அதைத்தானே சொல்லப்போகிறார்கள்?

முப்பத்தெட்டாவது நோட்டு அவள் வீட்டிலேயே இருந்தது. அது அவள் தம்பி பெண்டாட்டியுடையது. அவளும் அதே கூடத்தில் ஆறாம் பிரஸ்ஸில் நிற்கிறவள். போர்வையை மடித்தால் கோடு கத்தி மாதிரி நிற்கும் என்பதால் அவளை எல்லாரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள்.

கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாக நோட்டுக்காரி தம்பி வீட்டோடுதான் இருந்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தம்பி பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். விடிவதற்குள் போய் மத்தியானம் வந்துவிடுவான். நல்லவன்தான். ஆனால் தங்கள் மூன்று வயதுக் குட்டிக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். மடிப்புக்கு முதல் பிரசவத்தில் போன உயிர் திரும்பி வந்தது. அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு உதறும்.

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் அண்ணி. அவர்கிட்ட சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்" என்று அழுதாள். நோட்டுக்காரிதான் அவளை மாத்திரை கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனாள். ஆராய்ச்சிக்கு முப்பத்தேழு பேர்தான் சேர்ந்திருந்தார்கள், இன்னும் ஒருத்தி தேவைப்பட்டாள் என்பதும் உண்மை. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு குட்டி மேல சத்தியம் பண்ணுங்க."

"எதுக்குடி குழந்தை மேல எல்லாம்?"

"பண்ணுங்க அண்ணி."

பண்ணினாள். மாத்திரை அட்டையும் நோட்டும் பொத்தான் டப்பாவுக்குள் போயின. கூடத்தில் கழன்று விழுகிற பொத்தான்களைப் பொறுக்கி மடிப்பு சேர்த்து வைத்திருக்கிற டப்பா அது. தம்பி அதை ஒருநாளும் தொடமாட்டான்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆயிற்று.

அந்த வாரம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் இல்லை. கூடத்தில் நீராவியும் புழுக்கமும் சேர்ந்து பெண்களின் முகமெல்லாம் வெந்துபோயிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் மடிப்பு வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் விழுந்து காலை நீட்டினாள்.

"அண்ணி, கொஞ்சம் துண்டு கட்டி விடுங்களேன். கால் கழண்டு போகுது."

நோட்டுக்காரி அடுப்பில் பருப்பை இறக்கிவிட்டு வெந்நீர் வைத்தாள். துண்டை முக்கிப் பிழிந்து, மடிப்பு நீட்டிய காலில் இறுகச் சுற்றி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி நீவினாள். பதினோரு வருஷம் அமுக்கிப் பழகின கை. மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி குட்டிக்கு ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் கொஞ்சம் அமுக்கு அக்கா. நானும் பெடல்தானே மிதிக்கிறேன்?"

"நீ உக்காந்துட்டு மிதிக்கிறவன். வாயை மூடிட்டு ஊட்டு."

"நல்லா அழுத்துங்க அண்ணி. வலி உள்ள இருக்கு" என்றாள் மடிப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு.

துண்டை அவிழ்த்தபோது கெண்டைக்கால் சிவந்து பளபளவென்று இருந்தது. கணுக்கால் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. துண்டின் சூடு என்று நினைத்துக்கொண்டாள் நோட்டுக்காரி. அது இடது கால். அவள் பார்த்தாள், ஆனால் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்தே படி ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மடிப்பு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?"

"மூச்சு வாங்குது அண்ணி. இன்னிக்குக் காலைலருந்தே இப்படித்தான்."

"மூணு மாடி ஏறினா யாருக்குத்தான் வாங்காது? இந்தப் புழுக்கம் வேற."

"ஆமா, புழுக்கம்தான்" என்று மடிப்பும் சொன்னாள். ஆனால் எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பத்தாவது கேள்வி, காரணமில்லாமல் மூச்சு வாங்குகிறதா என்பது. அது ஏன் ஒன்பதாவதுக்கு அடுத்தாற்போல் வருகிறது என்று நோட்டுக்காரி அதுவரை யோசித்ததில்லை. அன்றைக்கு மேசையில் நோட்டுகளைப் பரப்பியபோது யோசனை வந்தது.  முப்பத்தேழு நோட்டில் மளமளவென்று 'இல்லை' போட்டாள். முப்பத்தெட்டாவதில் பேனா நின்றது. அடுப்படியில் மடிப்பு குட்டியோடு ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிக்கிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? அதிலும் 'இல்லை' போட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் நோட்டுப் பையோடு கூடத்துக்குப் போனபோது டீ நேரத்துக்கு இன்னும் கால்மணி இருந்தது. பதினாறு பிரஸ்ஸும் மாறி மாறிப் புஸ் புஸ்ஸென்று இறங்கி ஏறுகிற சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி. அதில் ஒரு சத்தம் குறைந்ததை மற்றவர்களுக்கு முன்னால் அவள்தான் கேட்டாள். ஆறாம் பிரஸ் ஏறினது ஏறினபடியே நின்றது. மடிப்பு மேடையைப் பிடித்தபடி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்த் தாங்கினாள். மடிப்பின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூச்சு... உள்ள போகமாட்டேங்குது அண்ணி."

நோட்டுக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரேடியோதான் கத்திக் கூட்டத்தை விலக்கி, சூப்பர்வைசரிடம் போனைப் பிடுங்கித் தம்பிக்குச் சொன்னாள். அவன் இரண்டு தெரு தள்ளி ஓட்டலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டான். ரொட்டித் தட்டுகளை வாசலிலேயே தூக்கி எறிந்துவிட்டு, வண்டிக்குள் போர்வை விரித்து மடிப்பைப் படுக்க வைத்தார்கள். சுடச்சுட ரொட்டி வாசனைக்கு நடுவில் அவள் மூச்சுக்காகத் திணறினாள். அதற்கப்புறம் நோட்டுக்காரிக்கு ரொட்டி வாசனையே ஆகாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் ஓடி வந்தார். மடிப்பின் மூக்கிலும் வாயிலும் காற்று மூடியை வைத்தார்கள். விரலில் எதையோ மாட்டினார்கள். அந்த மெஷினில் ஓடிய எண்ணைப் பார்த்து நர்சு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். 

"எப்ப இருந்து இப்படி? ஆஸ்துமா உண்டா? இதயத்துல ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர். நல்லா இருந்தா" என்றான் தம்பி.

"ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடறாங்களா?"

"இல்லவே இல்லைங்க. தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டா."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். 'இல்லை' என்று எழுதுவதைத் தலைகீழாகவே நோட்டுக்காரியால் படிக்க முடிந்தது. அவளே எத்தனை தடவை எழுதிய வார்த்தை!

மூடிக்கு மேலே மடிப்பின் கண்கள் அவளையே பார்த்தன. சொல்லாதே என்கிறதா, சொல் என்கிறதா? தெரியவில்லை. குழந்தை மேல் சத்தியம். தம்பி பக்கத்தில் நிற்கிறான். சொன்னால் நோட்டெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும், உட்கார்ந்து செய்கிற வேலை போய்விடும், மறுபடி நிற்கிற முழங்கால் அவளுக்கு இல்லை. இதெல்லாம் ஒரேயடியாக வந்து மோதி, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. டாக்டர் தாளைத் திருப்பினார்.

"சாப்பிடறா டாக்டர்" என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "மாத்திரை சாப்பிடறா."

"என்ன மாத்திரை?"

"பிள்ளை உண்டாகாம இருக்கற மாத்திரை. மூணு மாசமா."

தம்பி திரும்பிப் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மீதி வந்திருக்காது.

"இடது கெண்டைக்கால்ல நாலு நாளா வலி. வீக்கமும் இருக்கு. நேத்து மாடிப்படியில உக்காந்துட்டா. புதன்கிழமை... வெந்நீர்த் துண்டைக் கட்டி நான்தான் நல்லா அமுக்கி விட்டேன்."

டாக்டரின் பேனா நின்றது. "அமுக்கினீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் மூன்று பேர் ஒரே சமயத்தில் ஓடினார்கள்.

வெளியே பச்சை பெயிண்ட் அடித்த நடையில் ஒரு பெஞ்சு. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். வானம் அப்போதுதான் உடைந்தது, ஜன்னல் தகரத்தில் மழை தடதடவென்று கொட்டியது. கால்ல ரத்தம் கட்டி, அதுலருந்து ஒரு துண்டு பிரிஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு, ஊசி போட்டிருக்கோம், இந்த ஒரு நாள் தாண்டணும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். துண்டு பிரிஞ்சு என்ற வார்த்தை நோட்டுக்காரியின் இரண்டு கட்டைவிரலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் புதைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுல, எனக்குத் தெரியாம" என்றான் தம்பி. "மூணு மாசமா. ஏன்க்கா?"

"உன்கிட்ட சொல்லப் பயந்தா."

"என்கிட்டயா? நான் என்ன புலியா?"

"புலியா இருந்தா தேவலை. கடிச்சிட்டுப் போயிடும். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நாலு நாள் சாப்பிட மாட்டே. அவ முதல் பிரசவத்துல என்ன பாடுபட்டான்னு வெளியில நின்னு கேட்டவன்தானே நீ? கேட்டுட்டும் இன்னொண்ணு வேணும்னே."

"வேணும்னுதான் சொன்னேன். இப்பவேவா பெத்துக்குடுன்னேன்?"

"தினம் சொன்னா என்னடா அர்த்தம்?"

அவன் மழையைப் பார்த்தான்.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூட நோட்டுக்காரி தாங்கியிருப்பாள். முடிக்காமல் விட்டதுதான் அவளைக் கொன்றது.

"நீ அமுக்கும்போது நான் சிரிச்சுட்டு இருந்தேன்க்கா" என்றான் பிறகு. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவன் அழுது அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் அவனைத் தொடவும் பயமாக இருந்தது. அந்தக் கையால் இனி யாரைத் தொடுவது?

மடிப்பு அந்த ஒரு நாளைத் தாண்டினாள். அடுத்த நாளையும் தாண்டினாள்.

திங்கட்கிழமை காலையில் நோட்டுக்காரி முப்பத்தெட்டு நோட்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஆய்வு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். டாக்டரம்மா ஒல்லியான ஆள், நரைமுடியைத் தூக்கி முடிந்திருப்பாள், எப்போதும் ஆறிப்போன டீயைக் குடிப்பாள்.

"என்ன, எல்லாத்தையும் ஒரேயடியாத் தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"இதுல ஒன்பதாவது கேள்வி பொய் டாக்டரம்மா. முப்பத்தெட்டுலயும் பொய்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை டீயைச் சொன்னாள், வெள்ளிக்கிழமை மேசையைச் சொன்னாள், துண்டைச் சொன்னாள். டாக்டரம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ பேசாமல் எழுந்து அலமாரியைத் திறந்து வேறு மூன்று கட்டு நோட்டுகளை எடுத்து மேசையில் போட்டாள். ஒன்றைப் பிரித்தாள், இன்னொன்றைப் பிரித்தாள். ஒன்பதாவது வரியில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனாள்.

"இது மத்த மூணு சலவைக் கூடத்தோடது. உங்களோடயும் சேர்த்து நூத்தி நாற்பத்தாறு பேர். ஒருத்திக்குக்கூடக் கால் வலி இல்ல." அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. "நாள் பூரா நிக்கற பொம்பளைங்க. ஒருத்திக்குக்கூட வலிக்கலையாம். அது எப்படி முடியும்னு எனக்குத் தோணியிருக்கணும்ல? நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நல்ல சேதின்னு போன மாசம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிட்டேன்."

டாக்டரம்மா அந்த ஒன்பதாவது வரியையே திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள். படித்தவர்களும் இப்படிப் பயப்படுவார்கள் என்று நோட்டுக்காரி அன்றைக்குத்தான் பார்த்தாள். அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"எல்லாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். அவசரப்பட்டு அப்படிச் சொல்லக் கூடாது. ரொம்பப் பேருக்கு இது ஒத்துக்கும், தேவையும் இருக்கு. யாரோ ஒருத்திக்கு இப்படி ஆகுது. அந்த ஒருத்தியைச் சீக்கிரம் பிடிக்கணும், அதுக்குத்தான் நோட்டே." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. எப்படிக் கேட்டா சொல்லுவாங்க?"

"புதுசா வலிக்குதான்னு கேக்கக் கூடாது. அவங்களுக்கு எதுவும் புதுசு இல்ல. எந்தக் கால்னு கேக்கணும்."

"புரியல."

நோட்டுக்காரி மேசையைப் பிரஸ்ஸாக நினைத்து நின்று காட்டினாள். வலது காலைத் தூக்கித் தூக்கி மிதித்தாள். தேய்ந்த முழங்கால் சடக்கென்றது. "இது மிதிக்கிற கால். இதுக்குக் கெண்டைக்கால் வலிச்சா வேலை வலி. இது நிக்கிற கால், இதுக்குக் குதிகால் வலிக்கும். நிக்கிற காலுக்குக் கெண்டைக்கால் வலிச்சா..." இடது கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினாள். "அது வேலையால வந்தது இல்ல டாக்டரம்மா. பதினோரு வருஷம் நின்ன எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் அமுக்கினேன்."

"அப்ப மிதிக்கிற கால்ல கட்டி வந்தா?"

"அது வீங்கும்ல? ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்."

டாக்டரம்மா ஒரு புதுத் தாளை எடுத்தாள். நோட்டுக்காரி சொல்லச் சொல்ல, அதே வார்த்தையில், ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.

"என் வேலை போயிடுமா?"

"நடந்ததை மேலிடத்துக்கு எழுதியாகணும். உங்க பேரும் இருக்கும், என் பேரும் இருக்கும். அப்புறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் நீங்கதான் கேக்கணும். நாளைக்கே போங்க."

சாயங்காலம் மடிப்பைப் பார்க்க விட்டார்கள். காற்று மூடியைக் கழற்றி, மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். முகம் வெளுத்துப்போய், ஆளே பாதியாகியிருந்தாள். கட்டில் விரிப்பு ஓரம் கோணலாக மடிந்திருந்ததை விரலால் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி வந்தானா?" என்றாள் நோட்டுக்காரி.

"வந்தார். குட்டிக்கு என்ன ஊட்டினார்னு அரைமணி நேரம் சொன்னார். மாத்திரையைப் பத்திப் பேசவே இல்ல. போகும்போது மட்டும், என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அப்படின்னார்."

"சத்தியத்தை உடைச்சுட்டேன்டி."

"ஆமா."

"உனக்குக் கோபமா?"

மடிப்பு கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "டாக்டர் கேட்டப்ப நீங்க பேசாம நின்னீங்களே அண்ணி, கொஞ்ச நேரம்."

"ஆமாடி."

"சொல்லுங்க, சொல்லுங்கன்னு கண்ணாலயே கத்தினேன். நீங்க அப்படியே நின்னீங்க. அந்த நேரத்துலதான் செத்துடுவேன்னு நினைச்சேன்."

  மடிப்பு கையை நீட்டினாள். நோட்டுக்காரி தயங்கி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலை மட்டும் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தம்பியே அவளை ரொட்டி வண்டியில் கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டான்.  இறங்கும்போது, "கீழேயே நிக்கிறேன்" என்றான்.

"சரக்கு இறக்கப் போகலையா?"

"நிக்கிறேன்னேன்ல?"

இந்தத் தடவை அவள் துணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவில்லை. டீ நேரம்வரை காத்திருக்கவும் இல்லை. முதல் பிரஸ்ஸிலிருந்து ஒவ்வொருத்தியிடமாகப் போய், காதோடு கேட்டாள். மிதிக்கிற காலா, நிற்கிற காலா? கெண்டைக்காலா, குதிகாலா? ரெண்டையும் சேர்த்து வச்சுக் காட்டு. யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் பிரஸ் காலியாக இருந்தது, அதன் மேல்பலகையில் யாரோ துணி போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். மிதிக்கிற கால், கெண்டை. நிற்கிற கால், குதி. வரிக்கு வரி எழுதிக்கொண்டே வந்தாள். பதினொன்று முடிந்தபோது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பன்னிரண்டாம் பிரஸ்காரி அவளைத் திரும்பியே பார்க்கவில்லை.

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. அடுத்த ஆளைப் பாரு" என்றாள் ரேடியோ.

"ஒரு வார்த்தை சொல்லேன். எந்தக் கால்?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல? மூணு பிள்ளைக்காரி நான். எனக்கு என்ன வரப்போகுது?"

நோட்டுக்காரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். ரேடியோ பிரஸ்ஸுக்கு நேராக நிற்காமல் ஒருக்களித்து நின்றாள். உடம்பின் பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டுக்கொண்டு, இடது காலை நீட்டி அதால் பெடலைத் தொட்டுத் தொட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் பதினோரு வருஷத்தில் யாரும் இடது காலால் மிதித்து அவள் பார்த்ததில்லை. நிற்கிற காலில் நிற்க முடியாதவள்தான் அப்படி மிதிப்பாள்.

"எத்தனை நாளா?" என்றாள் மெதுவாக.

ரேடியோவின் கை போர்வையின் மேல் அப்படியே நின்றது. மேல்பலகை ஏறிப் போய் நின்றது.

"பத்து நாள் இருக்கும்."

"அமுக்கினியா?"

"என் வீட்டுக்காரர்தான். தினம். நேத்துக்கூட." திரும்பினாள். எப்போதும் பேசுகிற வாய் கோணிக்கொண்டு நடுங்கியது. "ஏய், எனக்கு ஒண்ணும் இல்லதானே?"

இல்லை என்று சொல்லத்தான் நோட்டுக்காரி வாயெடுத்தாள். மூன்று மாதத்துக்கும் மேலாக எழுதி எழுதிக் கைக்கும் வாய்க்கும் பழகிப்போன சொல். இந்தத் தடவை அது வரவில்லை. நோட்டைத் திறந்து ஒன்பதாவது வரியில் முதல் தடவையாக 'ஆம்' என்று எழுதினாள். எழுத்து கிறுக்கலாகப் போயிற்று.

"பெடலை விடு. காலை யாரும் தொடாதீங்க" என்றாள். "என் தோளைப் பிடிச்சுக்க, மெதுவா வா. தம்பி கீழே வண்டியோட நிக்கிறான்."